உம்மாவின் கைக்கு வைத்தியம்

ஒருவருடைய கையை மெத்தென்று ஆக்க ஒரு வீடே படாத பாடு பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அது எங்கள் உம்மாவின் கை. சவூதியில், அல் கோபாரில் வாப்பா நடத்திய மளிகைக் கடைக்கு உம்மாதான் வீட்டிலிருந்து சமோசா போட்டுக் கொடுப்பார். மாவும் சோப்புத் தண்ணீரும் பட்டுப் பட்டு உள்ளங்கை வறண்டு, விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருந்தது.

அங்கே தங்குவதற்கான இகாமா அட்டையைப் புதுப்பிக்கக் கைரேகை வேண்டும் என்று வந்தது. போனோம். அலுவலகத்தில் மெஷின் கண்ணாடிமேல் உம்மா விரலை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரிந்தது. "பஸ்மா மாஃபி" என்று கையை விரித்துவிட்டார்கள். ரேகை இல்லை, போய்விட்டு வா என்று அர்த்தம். ரேகை பதியாவிட்டால் இகாமா கிடையாது, உம்மா ஊருக்குத்தான் போக வேண்டும். கூடவே நானும் போக வேண்டும். வாப்பாவையும் பள்ளித் தோழிகளையும் விட்டுவிட்டு யார் போவது?

வாப்பா சும்மா விடுவாரா? கடையில் இருந்ததெல்லாம் மருந்தாகி வீட்டுக்கு வந்தது. தேங்காய் எண்ணெயில் சீனியைக் குழைத்துத் தேய்த்தார். கிளிசரினில் பன்னீர் கலந்து பூசினார். பால் ஏடும் ஆயிற்று. பக்கத்து ஃபிளாட் மலையாளி அக்கா தன் தொட்டிக் கற்றாழையிலிருந்து ஒரு மடலை ஒடித்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் வாப்பா பூசி, இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டி உம்மாவை உட்கார வைத்தார்.

"என்னங்க, என்னய ஊறுகா போடுறீங்களா?"

"பேசாம இரு புள்ள. கை பூ மாதிரி ஆவுதா இல்லையான்னு பாரு."

பாத்திரம் கழுவும் வேலை வாப்பா தலையில் விழுந்தது. அவர் கழுவிய தட்டில் பிசுக்குப் போகவே போகாது. அதில் சாப்பிட்டு எங்கள் உதடுகள்தான் முதலில் மெத்தென்று ஆயின.

ஊரில் சின்னம்மா வீட்டில் தங்கிப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள் என் லாத்தா, எங்கள் வீட்டு மூத்த பெண். சாயங்காலமானால் அவளிடமிருந்து போன் வந்துவிடும்.

"உம்மா, ரேகை பதிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"அப்ப இங்க வந்துருவீங்கள்ல?"

உம்மா சிரிப்பார். இவ்வளவு கஷ்டத்திலும் சிரிக்கிறாரே, என்ன தைரியம் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

மறுபடியும் போனோம். பெண்கள் பிரிவுக்குள் வாப்பாவை விடமாட்டார்கள். பள்ளியில் அரபி படிக்கிறேன் என்று என்னை உம்மாவோடு அனுப்பினார். "நல்லா அழுத்தச் சொல்லும்மா" என்று வாசலில் நின்று கெஞ்சினார், பாவம்.

உம்மாவின் கை அப்போது என் கன்னத்தைவிட மிருதுவாக இருந்தது. ஆனாலும் சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார், அப்போதும் சிவப்பு. கவுண்டரில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தேன். சூடான தோசைக்கல்லைத் தொடுவதுபோல உம்மா விரலைப் பட்டும் படாமலும் வைத்திருந்தார்.

அட, உம்மாவுக்கு மெஷினைக் கண்டு பயம்! இவ்வளவுதானா விஷயம்? அவர் கைமேல் என் கையை வைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. விடுவேனா? ஒவ்வொரு விரலாகப் பிடித்து அழுத்தினேன். உம்மா கையை இழுக்கவில்லை. "மெதுவா புள்ள" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் தேங்காய் எண்ணெயின் மகிமை என்று வண்டியில் வரும் வழியெல்லாம் பீற்றிக்கொண்டார். உம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது, லாத்தாதான். எடுக்காமல் என்னிடம் நீட்டி, "நீயே சொல்லு" என்றார்.

நல்ல செய்தியை நானே சொல்லப்போகிறேன் என்ற சந்தோஷத்தில், "லாத்தா, பதிஞ்சிருச்சு!" என்று கூவினேன்.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் உரக்கக் கத்தினேன்.