சிவப்புக்குள்ள நீலக் கோடு

எனக்குக் கோபம் வந்தா வாய் நிக்காது. அன்னைக்கு ஐந்தருவியில, தலையில தண்ணி சொட்டச் சொட்டப் போன்ல கத்துனது அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டு, நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க.

மலை மேல ஒரு சூரிய ஆய்வுக்கூடத்துல எனக்கு வேலை. சூரியப் புள்ளின்னா வெறும் கறுப்புத் திட்டு இல்லை, அத்தனையும் காந்தம். அந்தக் காந்தத்தைப் படமாக்குவோம். வடக்குன்னா சிவப்பு, தெற்குன்னா நீலம். ஒரே புள்ளியை அஞ்சு நாளாப் பார்த்ததுல, சிவப்புக்குள்ள மயிரிழை மயிரிழையா நீலக் கோடு தெரிஞ்சுது. என் ஆய்வேடே அந்தக் கோட்டுலதான் நின்னுச்சு.

போன்ல எங்க மேலதிகாரி. "உன் படத்தைச் சுத்தம் பண்ணிட்டேம்மா. அங்கங்க நீலமா அழுக்கு மாதிரி இருந்துது. அக்கம்பக்கத்தோட சேர்த்துச் சராசரி எடுத்துட்டேன், இப்ப ஒரே சிவப்பு."

"அழுக்கு இல்ல சார், அதான் விஷயமே! நாசமாப் போச்சு. மூலப் பதிவு இருக்கும்லா, நான் வந்து திரும்பப் போடுதேன்."

"அதை அழிச்சாச்சே."

குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்ச கதை. "யாரைக் கேட்டு அழிச்சீங்க?"

"நோட்டுல நீதான கையெழுத்துப் போட்டிருக்கே."

எங்க கூடத்துல டிஸ்க்குல எப்பவும் இடம் இருக்காது. பதிவு எடுத்தவங்க 'சரிபார்த்தாச்சு'ன்னு நோட்டுல எழுதிட்டா மூலத்தை அழிச்சிரலாம். எல்லாரும் பார்க்காமலே முன்கூட்டி எழுதி வைப்போம். சித்தி மக கல்யாணத்துக்குத் தென்காசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல நானும் எழுதுனேன். அந்த மனுஷன் மேல இன்னும் வயிறு எரியுது. என் கை மேல அதைவிட எரியுது.

புள்ளியைத் திரும்பப் பார்க்கலாம்னா அது சூரியனோட அந்தப் பக்கம் போயிருச்சு. சுத்தி வரும்போது கலைஞ்சிருக்கும்.

வீட்டுக்கு வந்து எரிஞ்சு விழுந்தேன். அம்மா கேட்டா: "ஏட்டி, நீ குரூப்ல போட்டியே ஒரு படம், அதுவா?"

கிளம்புற அன்னைக்குப் பெருமைக்குக் கம்ப்யூட்டர் திரையைப் போன்ல எடுத்துக் குடும்ப குரூப்ல போட்டிருந்தேன். தேடி எடுத்தேன். குறுக்க டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருந்துது. அதுக்குக் கீழ, நீலக் கோடு அத்தனையும் அப்படியே இருக்கு. அண்ணன் பதில் போட்டிருந்தான்: "சூப்பர். பட்டுச்சேலைக்கு நல்ல டிசைன்."

அந்தக் கோடுகளுக்கு இன்னைக்கு இருக்குற ஒரே சாட்சி அதுதான். அதை ஆய்வேட்டுல ஒட்டுனா ஒருத்தனும் நம்ப மாட்டான்.