நான் பூசிக்கொள்ளாத ஊதா மருந்து

சாந்தியின் வேலையைப் பறித்தவள் நான்தான். மாமியார் அல்ல, அவள் கணவன் அல்ல, அந்தப் பால் பாட்டிலும் அல்ல... நான்!

சாந்தி என் ஓரகத்தி. என் கணவரின் தம்பி மனைவி. குரும்பலூரில் ஒரே வீட்டில் வாழ்ந்தோம். எனக்கு மகன் பிறந்து சில வாரங்களில் அவளுக்கு வித்யா பிறந்தாள். வீட்டில் எங்கே திரும்பினாலும் ஈரத்துணி!

பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் அவள் ஆசிரியை. அவள் படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை. காலையில் பாட்டிலைக் கழுவி, பால் நிரப்பி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். வித்யா பாட்டிலைத் துப்பிவிட்டு அழுவாள். எனக்கோ பால் சுரந்து ரவிக்கை நனையும். நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

மாலையில் சாக்பீஸ் தூள் படிந்த புடவையோடு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். “அக்கா, என் பங்கையும் நீங்களே குடுத்துட்டீங்களா? இனிமே இவ ஒங்க பொண்ணுதான், கல்யாணச் செலவும் ஒங்களது!” என்பாள். சிரித்துச் சிரித்து இரண்டு பிள்ளைகளையும் எழுப்பிவிடுவோம். அத்தை அடுப்படியிலிருந்து அதட்டுவார். அதற்கும் சிரிப்போம். அந்த மாலைகளுக்கு ஏங்கியதைப் போல் நான் வேறு எதற்கும் ஏங்கியதில்லை. ஏங்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது, சொல்லுங்கள்?

ஒருநாள் என் மகனின் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. துடைத்தால் போகவில்லை. எங்கள் பக்கம் அதை அக்கரம் என்பார்கள். சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனேன். நர்ஸம்மா ஊதா மருந்து கொடுத்தார். பஞ்சில் தொட்டுப் பூசியதும் பிள்ளையின் வாய் முழுக்க ஊதா! பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் விடவில்லை. “பல்லே மொளைக்கல, அதுக்குள்ள நாவப்பழம் தின்னுட்டானா?” என்றார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் நர்ஸம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். “புள்ள வாய்க்கு மட்டும் போட்டா பத்தாதும்மா. பால் குடுக்குற எடத்துல நீயும் பூசிக்கணும். இல்லன்னா ஒன்கிட்டேருந்து புள்ளைக்கு, புள்ளகிட்டேருந்து ஒனக்குன்னு மாறி மாறி வந்துகிட்டே இருக்கும்.”

எனக்கும் அங்கே எரிச்சல் இருந்தது. பால் கொடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். எனக்குத் தெரியும்... எல்லாம் தெரியும்!

பூசிக்கொள்ளவில்லை. வேப்பந்தட்டையில் என் அண்ணனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். சந்தன நிறத்தில் பட்டு ரவிக்கை தைத்து வைத்திருந்தேன். அந்த ஊதா மருந்து துணியில் பட்டால் போகாது. பால் கசிந்து, சபை நடுவில், நெஞ்சில் ஊதாக் கறையோடு நிற்பதா? கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். வித்யாவுக்கும் பால் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்பே வித்யாவின் வாயும் வெந்துவிட்டது. பாலைத் தொட்டாலே வீறிட்டாள். மருந்து போடப் போட இரண்டு பிள்ளைகளுக்கும் மறுபடி வந்தது. அவள் உடம்பு இளைத்தது. அத்தைக்கு உடனே காரணம் கிடைத்தது. “பாட்டில ஒழுங்கா கழுவுனாத்தானே! பஸ்ஸுக்குப் பறக்குறவளுக்குப் புள்ள எதுக்கு?” என்றார். சாந்தி என்னைப் பார்த்தாள். நான் பரிந்து பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் வேலையை விட்டாள்.

அதன் பிறகே எனக்குப் பயம் வந்தது. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மருந்தைப் பூசிக்கொண்டேன். பிள்ளைகள் இருவருக்கும் மறுபடி பூசினோம். சில நாட்களில் இரண்டு வாய்களும் பூப்போல ஆயின. “பாத்தியா, ஆத்தாக்காரி வூட்டுல இருந்ததும் சரியாப் போச்சு!” என்றார் அத்தை. என்ன கொடுமை பாருங்கள்! நான் திருந்தியதே சாந்தியின் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. அப்போதாவது வாயைத் திறந்தேனா? சாந்தி மறுபடி வேலைக்குப் போகவே இல்லை. இன்றும் ஒரு டம்ளரைக் கழுவினால் மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவுவாள்.

இப்போது வித்யா குழந்தையோடு வந்திருக்கிறாள். அரியலூரில் அவளுக்கு வேலை, விடுப்பு முடியப்போகிறது. குழந்தையின் நாக்கில் அதே வெள்ளை. இந்தக் காலத்து மருத்துவர் ஊதா மருந்து தரவில்லை, ஏதோ சொட்டு மருந்து. சாந்தி பதறிவிட்டாள்.

“வேலைக்குப் போவாதடி. நான் போயிதான் ஒனக்கு வாயெல்லாம் வெந்துச்சு.”

“பாட்டில் மட்டும் காரணம் இல்லையாம், அம்மா. பால் குடுக்குறவங்ககிட்டேருந்தும் வருமாம். எனக்கும் மருந்து குடுத்துருக்காங்க” என்றாள் வித்யா.

சாந்தி என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஓர் ஆசை இருந்தது, ஐயோ, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை!

“அக்கா... அப்ப ஒங்களுக்கு ஏதும் எரிச்சல் கிரிச்சல் இருந்துச்சா?”

ஒரே ஒரு சொல் போதும். ‘இருந்தது’ என்றால் போதும். இத்தனை வருடப் பாரத்தை அவள் தோளிலிருந்து இறக்கியிருப்பேன். அவள் என்னை என்ன செய்துவிடுவாள்? மிஞ்சிப்போனால் பேசாமல் இருப்பாள். அவள் பேசாத வீட்டில் நான் எப்படி இருப்பேன்?

“எனக்கா? ஒண்ணும் இல்லையே சாந்தி” என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். “அப்ப என் பாட்டில்தான்” என்று மகளிடம் சொன்னாள். “கேட்டுக்கிட்டல்ல? சொன்னாக் கேளு.”

வித்யா என்னைப் பார்த்தாள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். “இல்லங்க சார்... என்னால இப்ப வர முடியாதுங்க சார்” என்று அவள் சொல்வது உள்ளே வரை கேட்டது.