மல்லிகையும் முல்லையும் இடம் மாறிய ஞாயிறு

திண்டுக்கல் பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் நகரில் இரண்டு தெருக்களுக்குப் பெயர் வைத்தவள் நான்தான். சாட்சி கிடையாது, நம்பத்தான் வேண்டும்.

நாங்கள் குடிவந்தபோது அங்கே வீடுகளைவிடப் பெயர்கள்தான் அதிகம். பிளாட் போட்டவர் முனைக்கு ஒரு கம்பம் நட்டு, கொக்கியில் பூப்பெயர்ப் பலகைகளை மாட்டியிருந்தார். எங்களுடையது மல்லிகைத் தெரு, மூன்றாவது வீடு. அடுத்த முல்லைத் தெருவில் வெறும் அஸ்திவாரங்களும் கருவேல முள்ளும்.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளைப் பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடைரோட்டிலிருந்து கார் வருவதாக இருந்தது. பிடித்துவிட்டால் அடுத்த மாதமே கல்யாணம் என்றார்கள். அப்புறம் எனக்கு யார் சடை பின்னுவது, யார் பக்கத்தில் படுப்பது? எட்டு வயதுக்கு அது சின்னக் கவலை இல்லை. சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்ததும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு பலகைகளையும் மாற்றி மாட்டினேன். இறங்கித் திரும்பினால், மொட்டைமாடியில் அத்தை ஈரத்துணியோடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவள் துணியை உதறிக் காயப்போட்டாள்.

கார் வரவே இல்லை. அந்தப் பொட்டலில் அப்பாவின் செல்லுக்கு டவரும் கிடைக்காது. மாலையில் தரகர்தான் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மல்லிகைத் தெரு, மூணாவது வீடுன்னு போயிப் பாத்தா, அஸ்திவாரத்துல எருமை கட்டிக் கெடக்காம். நம்மள வச்சு வெளையாடுறாகளான்னு கோவிச்சுக்கிட்டுத் திரும்பிட்டாக."

அப்பா முனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, யார் வேலை இது என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"நேத்து அடிச்ச காத்துல மாறியிருக்கும்ண்ணே."

காற்று பலகையைக் கீழே தள்ளும், மாற்றி மாட்டுமா? கோபத்தில் அப்பாவுக்கு அது உறைக்கவில்லை. எனக்காக எவ்வளவு பெரிய பொய் சொல்லிவிட்டாள் என்று நான் உருகிப்போனேன்.

திருப்பி மாட்ட வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் பஞ்சாயத்திலிருந்து கதவிலக்கம் எழுத வந்தவர் கண்ணில் பட்டதைக் குறித்துக்கொண்டு போக, இரும்புப் பலகையே வந்துவிட்டது. இன்று எல்லாத் தெருவும் வீடுகளால் நிறைந்து கிடக்கிறது. என் ஆதாரில் முல்லைத் தெரு என்றுதான் இருக்கிறது.

அந்த ஞாயிறுக்கு அடுத்த வருடம், அத்தையோடு வேலை பார்க்கும் சார் ஒருவர் தன் அம்மாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு பெண் கேட்டு வந்தார். இவரும் வழி தவறக் கூடாதே என்று அப்பா முனையில் போய் நின்றார். சார் பலகையை ஏறிட்டும் பார்க்காமல், அப்பாவையும் தாண்டி, நேராக எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார். முதல்முறை வருகிறவருக்கு வழி எப்படித் தெரிந்தது என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அத்தை அவசரமாக என் வாயில் ஒரு ஜிலேபியைத் திணித்தாள். கெட்டிக்காரத்தனமாகக் கேட்டதற்குக் கிடைத்த பரிசு என்றே நினைத்தேன்.