பீரோவுக்குள் இருந்த சயன்ஸ்

நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் ஒரு தேக்கு பீரோவுக்குள் இருந்தது. கண்ணாடிக் கதவு, பித்தளைப் பூட்டு. சாவி தலைமையாசிரியையான பெரிய டீச்சரின் இடுப்புக் கொத்தில் தொங்கும். பீரோவுக்குள் ஒரு காந்தம், இரண்டு தெர்மாமீட்டர், சாராய விளக்கு, முப்பட்டைக் கண்ணாடி, கைப்பிடி வைத்த ஒரு காற்றுப் பம்பு, அதன்மேல் கவிழ்த்து வைக்கும் பெரிய கண்ணாடி ஜாடி. வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாளும் அவை அங்கேயே இருந்தன. நாங்கள் வகுப்புக்குப் போகும்போதும் வரும்போதும் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே போவோம்.

முப்பதுகளின் ஆரம்பத்தில் மயிலாப்பூரில் பெண்ணை ஹைஸ்கூல் வரை அனுப்பிய வீடுகள் குறைவு. அனுப்பியவர்களைப் பற்றி இன்று பெருமையாகப் பேசுகிறார்கள். பேசட்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இங்கிலீஷ், தமிழ், கணக்கு. சரித்திரம் என்றால் இங்கிலாந்து ராஜாக்களின் பட்டியல். பூகோளம் என்றால் ஐரோப்பாவின் நதிகள்; எட்டின தூரத்தில் இருந்த வங்காள விரிகுடாவைப் பற்றி ஒரு பாராகூடக் கிடையாது. வெள்ளிக்கிழமை நீதிபோதனை. உண்மை பேச வேண்டும் என்று வாரம் தவறாமல் கற்றுக்கொண்டோம். மீதி நேரமெல்லாம் தையல், பூவேலை, ஹைஜீன். ஹைஜீன் என்பது ஈ மொய்த்த பண்டத்தைத் தின்னக்கூடாது என்பது. அதைப் படிக்க எனக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

அதே வருஷங்களில் என் அண்ணா நாலு தெரு தள்ளி ஆண்கள் பள்ளியில் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் படித்தான். கையில் ஆசிட் பட்ட கறையோடு வருவான். அவனுக்கு அது பிடிக்கவும் இல்லை. சாப்பிட உட்காரும்போது அந்தக் கறையைக் காட்டி அம்மாவிடம் பரிதாபம் சம்பாதித்துக்கொள்வான். எனக்கு அந்தக் கறையைப் பார்த்தால் வயிறு எரியும்.

என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரு முஸ்லிம் பெண். மார்க்கெட்டுக்குப் பின்னால் அவளுடைய அப்பா, அவள் அத்தா என்பாள், பம்ப் ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் விளக்கு, பூட்டு எல்லாம் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருந்தார். வகுப்பில் அவள் ஒருத்திதான் அந்தச் சமூகம். திரை கட்டிய ஜட்கா வண்டியில் வருவாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் எந்தச் சாமானைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்காமல் அவளால் இருக்க முடியாது. வகுப்புக் கடியாரம் நின்றால் கரும்பலகையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பீரோ திறக்கும் நாள் ஒன்று உண்டு. பள்ளியைப் பார்வையிட வெள்ளைக்கார இன்ஸ்பெக்ட்ரஸ் துரைசானி வரும் நாள். அதற்கு முதல்நாள் நாங்கள் சாமான்களைத் துடைத்து நீளமான மேஜையில் அடுக்குவோம். ஒவ்வொரு சாமானுக்குப் பின்னாலும் ஒரு பெண் நிற்க வேண்டும். துரைசானி எதிரே வந்து நின்றதும் மனப்பாடம் செய்த ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். சாமானைத் தொடக்கூடாது.

நாலாவது பாரத்தில், இன்றைய ஒன்பதாம் வகுப்பில், அந்தக் கண்ணாடி ஜாடியைத் துடைத்தவள் நான். அதன் உச்சிக் குமிழுக்குக் கீழே விரல் நீளத்துக்கு மேலோட்டமான ஒரு கீறல் இருந்தது. ஹைஜீன் டீச்சரிடம் காட்டினேன். "அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கமா திருப்பி வை," என்றார். திருப்பி வைத்தேன்.

மறுவருஷம் புது துரைசானி வந்தாள். ஒல்லியாக, வெயிலில் சிவந்த முகத்தோடு இருந்தாள். அந்த முறை காற்றுப் பம்புக்குப் பின்னால் நானும் என் தோழியும் நின்றோம். ஜாடிக்குள் பெரிய டீச்சரின் அலாரம் கடியாரம் பஞ்சின்மேல் வைக்கப்பட்டிருந்தது. காற்றில்லாத இடத்தில் ஒலி செல்லாது என்ற வாக்கியத்தை நான் ஒப்பித்தேன்.

"நல்லது. எங்கே, செய்து காட்டு," என்றாள் துரைசானி.

அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஹைஜீன் டீச்சர் முன்னால் வந்து அலாரத்தை முடுக்கி ஜாடியைக் கவிழ்த்தார். கைப்பிடியை இழுத்தார், தள்ளினார், வேர்த்தார். கடியாரம் கணகணவென்று அடித்துக்கொண்டே இருந்தது. என் தோழி என் காதோடு சொன்னாள்: "வாஷர் தோலு காஞ்சு போச்சு. எண்ணெ விட்டாச் சரியாயிடும். எங்க கடையில ஸ்டவ்வுக்கு தினம் செய்யறதுதான்."

நான் அதை இங்கிலீஷில் துரைசானியிடம் சொல்லிவிட்டேன். அது என் வாய்த்துடுக்கு. அதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை; ஆனால் அதன் விலையை நான் கொடுக்கவில்லை என்பதுதான் என்னைக் குடைகிறது.

துரைசானி சிரித்து, செய்யச் சொன்னாள். சமையல் வகுப்பிலிருந்து நல்லெண்ணெய் வந்தது. என் தோழி பம்பைத் திருகிக் கழற்றி, சுருங்கிக் கிடந்த தோலை எண்ணெயில் ஊறவைத்து விரலால் நீவி விரித்தாள். ஜாடியின் விளிம்பிலும் எண்ணெய் தடவினாள். பிறகு அலாரத்தை முடுக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். பத்து இழுப்பு, இருபது இழுப்பு. கடியாரத்தின் சின்னச் சுத்தி இரண்டு மணிகளுக்கும் நடுவில் துடிப்பது தெரிகிறது. சத்தம் மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது. தெருக்கோடிக்குப் போய்விட்டது போல, அப்புறம் அடுத்த ஊருக்குப் போய்விட்டது போல. நாற்பது பெண்கள் மூச்சுவிடாமல் நின்றோம். நான் மனப்பாடம் செய்த வாக்கியத்துக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

துரைசானி கைதட்டினாள். "நீங்கள் அடிக்கடி இதையெல்லாம் செய்வீர்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இன்றுதான் முதல்முறை தொடுகிறோம்," என்றேன்.

அவள் பெரிய டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். இருவரும் ஆபீஸ் அறைக்குள் போனார்கள். கதவு அரைமணி நேரம் சாத்தியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் என் தோழியைக் கூப்பிட்டனுப்பினார்கள். கண்ணாடி ஜாடியில் கீறல் விழவைத்துவிட்டாளாம். அனுமதி இல்லாமல் சாமானில் கை வைத்தாளாம். தகப்பனாரை அழைத்துவரச் சொன்னார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. துரைசானியிடம் பேசியது நான், உள்ளதைச் சொன்னது நான். ஆனால் என் பெரியப்பா பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்தார். அவளுடைய அத்தா ஸ்டவ் ரிப்பேர் செய்பவர். கோபத்தை எங்கே இறக்கிவைக்கலாம் என்று பெரிய டீச்சருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவளுடைய அத்தா மத்தியானம் வந்தார். கைவிரல்களில் கரி, தோளில் துண்டு. ஆபீஸ் அறையில் அவருக்கு நாற்காலி போடவில்லை. நான் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து வாசலில் நின்றேன். அவர் ஜாடியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இப்ப உட்ட கீறல் இல்லீங்கம்மா," என்றார். "பாருங்க, உள்ள அழுக்கு ஏறிக்கீது. புதுசா உட்டிருந்தா பளிச்சுன்னு இருக்கும். இது ரெண்டு மூணு வருசத்துது."

"உங்களுக்குக் கண்ணாடியைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் பெரிய டீச்சர்.

"தெனம் பத்து வெளக்கு சிம்னி மாத்தறேன்மா. அது தெரியும்."

நான் உள்ளே போனேன். "டீச்சர், போன வருஷமே அந்தக் கீறல் இருந்தது. நான்தான் துடைச்சேன். இவாதான் சுவர்ப்பக்கமா திருப்பி வைக்கச் சொன்னா," என்றேன். ஹைஜீன் டீச்சர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை, ஒரு வேப்பமரம்தான்.

"உன்னை யார் கேட்டா?" என்றார் பெரிய டீச்சர்.

அந்த மனிதர் ஜாடியை மேஜையின்மேல் மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார். "பொய் சொல்ற எடத்துல எம் பொண்ணு படிக்க வாணாம்," என்றார். மூலையில் நின்ற மகளின் புத்தகங்களைத் தானே வாங்கிக்கொண்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. கணக்குப் பாடத்தோடு ஜியோமெட்ரியும் கொஞ்சம் இருந்தது; அதில் எங்கள் எல்லாரையும்விட அதிக மார்க்கு வாங்கியவள் அன்றோடு போனாள். யாரும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்கச் சொன்னது என்னைத்தான். ஆசிரியைக்கு எதிராகப் பேசியதற்கு வருந்துகிறேன் என்று எழுதித் தர வேண்டும். மாட்டேன் என்றேன். இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் அப்பா கோர்ட்டிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் பேனாவை எடுத்தார்.

"நான் சொன்னது நிஜம்ப்பா," என்றேன்.

"நிஜந்தான். யார் இல்லேன்னா? ஒரு காயிதம் எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு. பொம்மனாட்டி படிக்கறதே பெரிசு, இதுல வம்பு வேறயா? நாளைக்கு நம்மாத்து மத்த பொண்களையும் அங்க சேர்த்துக்கணுமோல்லியோ?"

என் பெயரில் அவரே எழுதினார். அழகான கையெழுத்து அவருக்கு. அப்பா நல்லவர், என்னை அடித்ததில்லை, என்னைக் காலேஜ் வரை படிக்க வைத்தார். அந்தக் கடிதத்துக்காக மட்டும் நான் அவரை மன்னிக்கவில்லை. அவர் போன பிறகும் மன்னிக்கவில்லை.

ஆறாவது பாரத்தில் எனக்குக் கிடைத்த விருப்பப் பாடம் டொமஸ்டிக் சயன்ஸ். பெயரிலாவது சயன்ஸ் இருக்கிறதே என்று அம்மா சமாதானம் சொன்னாள். கஞ்சி போட்டு வேஷ்டி சலவை செய்வதை இங்கிலீஷில் எழுதிப் பாஸ் செய்தேன். காலேஜில் போய் பிசிக்ஸ் எடுக்கிறேன் என்றேன். பள்ளியில் படிக்காத பாடத்தை இங்கே எடுக்க முடியாது என்றார்கள். பள்ளியில் ஏன் படிக்கவில்லை என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது? விண்ணப்பத்தில் அதற்கு இடமே இல்லை.

தத்துவமும் சரித்திரமும் எடுத்தேன். பிடிக்காமல் எடுத்ததுதான், பிறகு பிடித்தது. லாஜிக் வகுப்பில் வாதப் பிழைகளைப் பற்றிப் பாடம் வந்தது. சொன்னது சரியா என்று பார்க்காமல் சொன்னவன் யார் என்று பார்த்துத் தீர்மானிப்பது ஒரு பிழை என்று புத்தகத்தில் போட்டிருந்தது. மற்றவர்கள் உதாரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை; நோட்டை மூடிவிட்டேன்.

அன்று சாயங்காலமே மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த அந்தக் கடைக்குப் போனேன். தனியாக அந்தச் சந்துக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. என் தோழியின் அத்தா என்னை அடையாளம் கண்டுகொண்டார். அப்பா எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "அதெல்லாம் கேள்விப்பட்டேன்மா. நீ வந்து சொன்னியே, அதாம்மா எனக்குக் கணக்கு," என்றார். மகளுக்குக் கல்யாணமாகி மாம்பலத்தில், புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார்.

சனிக்கிழமை போனேன். கதவை என் தோழியே திறந்து என்னை உள்ளே கூப்பிட்டாள். இடுப்பில் குழந்தை. டீ கொடுத்தாள். நான் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன்.

"எல்லாம் நல்லதுக்குத்தான்னு சொல்லிடாதே," என்றாள். "எங்க மாமி சொல்றாங்க, அக்கம்பக்கம் சொல்றாங்க. எது நல்லது? நான் பரீட்சை எழுதியிருப்பேன். எங்க அத்தாவுக்கு அதைப் பாக்கணும்னு இருந்துச்சு."

நான் அப்படிச் சொல்லவில்லை. நானும் என் கோபத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தோம், குழந்தை தூங்கிப்போகும் வரை. அவ்வளவு நிம்மதியாக நான் யாரோடும் பேசியதில்லை.

அடுத்த சனிக்கிழமை அண்ணாவின் பழைய பிசிக்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். நான் இங்கிலீஷைப் படித்து அர்த்தம் சொல்வேன். கணக்கை அவள் போடுவாள். பல இடங்களில் புத்தகம் சொல்லி முடிப்பதற்குள் அவளே சொல்லிவிடுவாள். ஒன்றரை வருஷம் போல அப்படி உட்கார்ந்தோம். வெப்பம் முடித்து ஒளிக்கு வந்தபோது அவள் வீட்டுக்காரர் தோல் வியாபாரத்துக்காக ஆம்பூருக்குக் குடிபெயர்ந்தார்.

புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் அண்ணாவின் பெயர் இருந்தது. பேனாவை வாங்கி அதைக் கோடு கிழித்து அடித்துவிட்டு, கீழே தன் பெயரை எழுதினாள். மை காயும் வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.