ஓ பாசிட்டிவ் இரண்டு பை

பவுலினுக்கு மேல்வரிசையில் ஒரு முன்பல் கிடையாது. பல் கட்டிக்கொள்ளச் சொன்னால், "இருக்கட்டும், வர்றவனுங்க பாத்துக்கினு போவட்டும்" என்பாள். திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை அறையில் பத்தொன்பது வருஷமாக அவள் வைத்ததுதான் சட்டம். டாக்டரே அவசரப்படுத்தினாலும், தன் கண்ணால் குரூப் பார்க்காமல் ஒரு பை ரத்தத்தையும் வெளியே விடமாட்டாள். அந்தப் பிடிவாதத்துக்குத்தான் பல் போனது.

போன சித்திரையில் வானூர்ப் பக்கமிருந்து குமரேசன் என்ற விவசாயியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போர்வெல் தண்ணீர்த் தகராறு. தொடையில் விழுந்த அரிவாள் வெட்டு எலும்பு வரை இறங்கியிருந்தது. உடனே ரத்தம் ஏற்றியாக வேண்டும். யாருக்கும் குரூப் பார்க்காமல் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ் அன்று கையிருப்பில் இல்லை.

அவனுடைய அண்ணன் ஜெகதீசன் மூன்று ஆட்களோடு பரிசோதனை அறைக்குள் புகுந்தான். சட்டை முழுக்கத் தம்பியின் ரத்தம். குமரேசனின் காப்பீட்டு கார்டை நீட்டியதும் முன்கவுண்டரில் எடுத்துக் கொடுத்த பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு கையில்.

"பி பாசிட்டிவ்னு உங்க ஆஸ்பத்திரியே எழுதிக்கீது. எடு ஜல்தி!"

"அஞ்சு நிமிசம் தம்பி. இப்பதான் சாம்பிள் வந்துது. பேப்பரப் பாத்து நான் ரத்தம் குடுக்கறதில்ல."

"அவன் செத்துக்கினு கீறான், உனக்கு அஞ்சு நிமிசமா?"

பெண் என்றால் பேயும் இரங்கும் என்பார்கள். இந்தப் பேய் இரங்கவில்லை. அறைந்த அறையில் பவுலினின் வாய் மேசை விளிம்பில் மோதியது. பல்லைத் தொட்டியில் துப்பிவிட்டு, வெள்ளைப் பீங்கான் ஓட்டில் குமரேசனின் ரத்தத்தை மூன்று சொட்டு வைத்து, மருந்து விட்டுக் குச்சியால் கலக்கினாள் அவள்.

"நம்மள ஏமாத்தறாடா" என்று ஜெகதீசன் குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தூக்கி ரத்தப் பை வைத்த ஃபிரிட்ஜை அடித்தான். கண்ணாடி நொறுங்கிக் கொட்டியது. ஆட்கள் பைகளை வாரித் தரையில் போட்டு, மிதித்துக்கொண்டே பி எழுதிய பையைத் தேடினார்கள். இரண்டு கிடைத்ததும் ஜெகதீசன் ஆபரேசன் தியேட்டரை நோக்கி ஓடினான். பவுலின் பாய்ந்து விழுந்து அவன் காலைப் பிடித்தாள். விலாவில் இரண்டு உதை விழுந்தது. அவள் கெண்டைக்காலைக் கடித்தாள், வெறி பிடித்தவளாகக் கடித்தாள். அவன் அலறிய சத்தத்தில் தலைமை நர்ஸ் லட்சுமியம்மாள் தியேட்டரிலிருந்து வெளியே வந்து பைகளைப் பிடுங்கிக்கொண்டார்.

"பவுலினு, குரூப் என்னா?"

பவுலின் சுவரைப் பிடித்து எழுந்துபோய் ஓட்டைப் பார்த்தாள். பி என்றால் இரண்டாவது சொட்டு திரிந்த பால் மாதிரி கட்டி தட்டியிருக்க வேண்டும். ஏ, பி பார்க்கும் முதல் இரண்டுமே தட்டவில்லை. பாசிட்டிவா என்று காட்டும் மூன்றாவது மட்டும் தட்டியிருந்தது.

"ஓ பாசிட்டிவ்க்கா. பி ஏத்தியிருந்தா நம்ம கையாலயே கொன்னிருப்போம்." ஜெகதீசன் பக்கம் திரும்பினாள். "சீட்டுல இருக்கறது யாரு ரத்தம்?"

அவன் முகம் செத்துப்போனது.

"என்னுதுக்கா... தை மாசம் எனக்குக் கல்லு ஆபரேசன். கார்டுல எம்பேரு ஏறல. தம்பி பேருல படுத்துக்கினேன். இருந்த பேஜாருல மறந்தே போச்சுக்கா."

வீட்டுக்குள் ஒருவர் கார்டில் இன்னொருவர் படுப்பதைப் பவுலின் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பேப்பரை அவள் நம்பாததே அதனால்தான்.

"ஓ எத்தினி இருக்குது?" என்றார் லட்சுமியம்மாள்.

"ரெண்டு இருந்துது." பவுலின் தரையைக் காட்டினாள். இரண்டு பையும் கண்ணாடி கிழித்து, செருப்புக் கால்பட்டு, காலியாகக் கிடந்தன.

ஜெகதீசன் மண்டியிட்டான். உடைந்த கண்ணாடியோடு சேர்த்து இரண்டு கையாலும் ரத்தத்தை வழித்தான். "வடிகட்டி ஏத்த முடியாதாக்கா?"

பவுலினுக்கு அவனை ஏறி மிதிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

"முடியாது" என்றாள்.

புதுச்சேரியிலிருந்து ரத்தம் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. குமரேசன் அதில் பாதி நேரம்கூடத் தாங்கவில்லை.