லிங்கர் எரரை மறைக்க நான் எழுதிய ஒரு வரி

லீவு முடிந்து ஆபீசுக்குள் நுழைந்ததும் மேசையைப் பார்த்தேன். டெஸ்டிங் போனைக் காணோம்.

"ஆரோக்கியம் நேத்து வாங்கிட்டுப் போயிட்டாரும்மா. விடியக்காலையிலயே கடலுக்குப் போயிருப்பாரு. நீதான பில்டு ஓடுதுன்ன?" என்றார் ஜபருல்லா பாய்.

அந்த பில்டுக்குள், அதாவது போனில் ஓடும் அந்தப் புரோகிராமுக்குள், நான் என்ன செய்து வைத்திருந்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

2008 வாக்கில் ராமநாதபுரத்தில் நாலு பேர் வேலை பார்த்த சின்ன சாப்ட்வேர் கம்பெனி அது. வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்து பாய் தொடங்கியது. நான் திருவாடானையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். அப்போது மீனவர்களுக்காக ஒரு மொபைல் அப்ளிகேஷன் செய்துகொண்டிருந்தோம். கடல் எல்லையைத் தாண்டினால் அடுத்த நாட்டு ரோந்துக் கப்பல் படகைப் பிடித்துவிடும். அதனால் எல்லையை நெருங்கினாலே போனின் திரை சிவப்பாகி அலாரம் அடிக்கும். தள்ளியிருந்தால் பச்சை. ராமேஸ்வரம் படகுக்காரர் ஆரோக்கியம் அதைக் கடலில் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தார். எல்லை எவ்வளவு தூரம் என்று கணக்கிடும் பகுதி மட்டும் எங்களுடையதல்ல. வெளிக் கம்பெனி ஒன்றின் லைப்ரரியை, அதாவது அவர்கள் எழுதி விற்கும் ஆயத்தக் கோடை, வாங்கிச் சேர்த்திருந்தோம்.

அங்கேதான் சிக்கல். நாம் எழுதும் புரோகிராம் கோடு துண்டு துண்டாக கம்பைல் ஆகும், அதாவது மெஷின் மொழிக்கு மாறும். அந்தத் துண்டுகளையும் லைப்ரரியையும் கோத்து ஒரே புரோகிராமாக்குவது லிங்கர். ஒரு வேலையைச் செய்யும் கோடுத் துண்டுக்குப் பங்ஷன் என்று பெயர். நாம் கூப்பிடும் பங்ஷன் எங்கேயும் கிடைக்காவிட்டால் 'அன்ரிசால்வ்டு எக்ஸ்டெர்னல் சிம்பல்', அதாவது இந்தப் பெயரைக் காணோம் என்று சொல்லி நின்றுவிடும். லைப்ரரியின் மற்ற பங்ஷன்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன. எல்லைத் தூரத்தைச் சொல்லும் பங்ஷன் மட்டும் மூன்று நாளாக எரர் தந்துகொண்டிருந்தது. லைப்ரரிக்காரர்களுக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. திரை எப்படி வருகிறது என்றாவது பார்த்துவிடலாம் என்று அதே பெயரில் நானே ஒரு பங்ஷன் எழுதினேன். உள்ளே ஒரே வரி. படகு எங்கே நின்றாலும் 'எல்லை வெகு தூரம்' என்று பதில் சொல்லும். எரர் போய்விட்டது, திரை பச்சையாக வந்தது. "பில்டு ஓடுது பாய்" என்றேன். எப்படி ஓடுகிறது என்று சொல்லவில்லை. மறுநாள் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள் என்று லீவு போட்டுவிட்டேன்.

இப்போது சொன்னேன்.

"அப்ப அது செவப்பே காட்டாதா?"

"காட்டாது பாய். எல்லையத் தாண்டினாலும் பச்சைதான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். "அவரு ஜிபிஎஸ் பெட்டி ரிப்பேராக் கெடக்கும்மா. இத நம்பித்தான் போயிருக்காரு. கார்ல ஏறு" என்றார்.

வழியெல்லாம் ஆரோக்கியத்தின் நம்பருக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. பாம்பன் பாலத்தில் ஏறியபோது தூறல். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. இந்த மூட்டத்தில் கரையை வைத்து அடையாளம் பார்க்க முடியாது, போனைத்தான் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டு மறுபடி அந்த நம்பரை அடித்தேன்.

ராமேஸ்வரம் ஜெட்டியில் படகுக்காரர்களின் வயர்லெஸ் அறை இருந்தது. அங்கிருந்தவர் ஆரோக்கியத்தின் பெயரைச் சொல்லி, போனை நம்பாதே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வேறொரு படகிலிருந்து குரல் வந்தது. "எங்களுக்குக் கெழக்க வலை விட்டுக்கிட்டிருந்தாரு. இப்பக் கண்ணுக்குத் தெரியல. சொல்லிப் பாக்குறோம்."

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

யாரோ சொல்லி, ஆரோக்கியத்தின் மனைவி மேரியக்கா ஜெட்டிக்கு வந்துவிட்டார். "போன்ல என்னம்மா கோளாறு?" என்று என்னிடம் கேட்டார்.

"போன்ல இல்லக்கா. நான் எழுதுனதுல."

அவர் ஒரு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தார். அவர் பக்கத்தில் என்னால் நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. பாய் சற்றுத் தள்ளி ஓதிக்கொண்டே நடந்தார். நாலு மணி நேரம் அப்படியே போனது.

மாலையில் படகு வந்தது. அதில் போயிருந்த ஐந்து பேரும் இருந்தார்கள். வலை இல்லை.

"போன நம்பாதன்னு வயர்லெஸ்ல சத்தம் கேட்டுச்சு" என்றார் ஆரோக்கியம். "நிமுந்து பாத்தா, மூட்டத்துக்குள்ள ரோந்துக் கப்பல் வருது. வலைய இழுக்க நேரமில்ல. அறுத்து விட்டுட்டு ஓடியாந்தோம்."

போனை என்னிடம் நீட்டினார். திரை இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

"ஏம்மா, தெரியலன்னு காட்டியிருந்தா நானே சுதாரிச்சு ஓட்டியிருப்பேனே" என்றார். குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் அந்த லைப்ரரிக்குள் இருக்கும் பெயர்களையெல்லாம் பட்டியல் எடுத்துப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. நான் தேடிய பங்ஷன் அங்கேயேதான் இருந்தது. லைப்ரரி சி மொழியில் எழுதியது, எங்கள் கோடு சி பிளஸ் பிளஸ். சி பிளஸ் பிளஸ் கம்பைலர் பங்ஷன் பெயரோடு தன் அடையாளங்களையும் ஒட்டிவிடும், அதனால் லிங்கர் வேறொரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. பங்ஷன் பெயர்களை அறிவிக்கும் ஹெடர் ஃபைலில் மற்றவற்றுக்கு 'இது சி பங்ஷன்' என்ற வரி இருந்தது, இதற்கு மட்டும் விட்டுப்போயிருந்தது. என் போலி பங்ஷனை அழித்துவிட்டு அந்த வரியைச் சேர்த்தேன். பத்து நிமிடத்தில் லிங்க் ஆகிவிட்டது.

சரிசெய்த போனை எடுத்துக்கொண்டு ஆரோக்கியத்தின் வீட்டுக்குப் போனோம். மேரியக்கா டீ கொடுத்தார். ஆரோக்கியம் போனைக் கையால் தொடவில்லை. "இருக்கட்டும்மா. வேற யாருக்காச்சும் குடுங்க" என்றார்.

லிங்கர் நின்றால் அது நம்மை எச்சரிக்கிறது என்று அர்த்தம். அதன் வாயை அடைக்க ஒரு போலி பங்ஷன் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், 'தெரியவில்லை' என்று திரையில் காட்டும்படி எழுதுங்கள். பிறகு எது போலி என்று ஒரு தாளில் எழுதி, போனை வாங்கிப்போகிறவர் கையிலேயே கொடுங்கள். அன்றிலிருந்து நான் அப்படித்தான் செய்கிறேன்.