மறிக்காமலே இறங்கியவன்

அந்தச் சனிக்கிழமை காலை என் சைக்கிள் சில்லுகளில் காற்று நிறையவே இருந்தது. ஆனாலும் மாரெக் என்கிற பெருத்த உடம்புக்காரர் பாலத்து நடைபாதையில் முழங்காலூன்றி, மூச்சுவாங்க அதற்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் தொப்பியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கான போலிஷ் மொழி எனக்குத் தெரியும். ஏன் வேண்டாம் என்று சொல்வதற்கான போலிஷ்தான் தெரியாது.

நடந்தது இவ்வளவுதான். ஆற்றின் இந்தக் கரை போலந்து, அந்தக் கரை ஜேர்மனி. நான் படிக்க வந்தவள், இந்தக் கரையிலுள்ள சிறு பட்டினத்தில் இருக்கிறேன். அந்தக் கரையில் ஒரு வியட்நாமியர் கடை இருக்கிறது. தேங்காய்ப்பாலும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, பாலத்தின் முடிவில் மஞ்சள் அங்கி போட்ட நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களைக் கண்டதும் நான் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, உருட்டத் தொடங்கிவிட்டேன். அவர்களில், மடக்குக் கதிரையில் இருந்த ஹலினா என்கிற வயதான பெண், "ஏன் இறங்கினாய்? நாங்கள் உன்னை மறிக்கவில்லையே!" என்றார். நான் சில்லைப் பார்த்தேன். அவரும் சில்லைப் பார்த்தார். "மாரெக், பம்பை எடு!"

அந்தக் கேள்வியோடுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒருநாள், ஒரேயொரு நாள், இவர்களுக்கு முன்னால் இறங்காமல் சைக்கிள் ஓடிப்போக வேண்டும். கேட்பவர்களுக்கு இது ஒரு யோசனையா என்று இருக்கும். இலங்கையில், எங்கள் வன்னியில் சைக்கிள் ஓடியவர்களுக்கு விளங்கும்.

இந்த மஞ்சள் அங்கிக்காரர்கள் பொலிஸ் அல்ல. எல்லையைத் தாங்களே காப்போம் என்று கிளம்பிய ஊர்ச்சனம். தகுந்த பத்திரங்கள் இல்லாத வெளிநாட்டாரை ஜேர்மன்காரர் வான் வண்டியில் கொண்டுவந்து இந்தக் கரையில் இறக்கிவிட்டுப் போகிறார்கள் என்பது அவர்களுடைய கோபம். யாரையும் மறிக்க அவர்களுக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. சந்தேகம் வந்தால் எல்லைக் காவலரைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். கொடி, தேத்தண்ணிப் போத்தல், வீட்டில் சுட்ட கேக். ஒருவன் மட்டும் யாராவது கறுத்த ஆள் வந்தால் கைபேசியை முகத்துக்கு நேரே பிடிப்பான். மற்றவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஹலினா பள்ளிக்கூடக் குசினியில் காலமெல்லாம் சமைத்தவர். அன்றைக்கு என் கையிலும் ஒரு துண்டுக் கேக் வைத்தார்.

வன்னியில், உடையார்கட்டில் என் சித்தி வீடு. போர் முடிந்து சனம் திரும்பவும் குடியேறிய காலத்தில், பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ஒரு சென்றி இருந்தது. மண்மூட்டை அடுக்கிய இராணுவக் காவலரண். அதற்கு முன்னால் இறங்கு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் முதற்கொண்டு எல்லாருக்கும் தெரியும். தூரத்திலேயே இறங்க வேண்டும். தொப்பியைக் கழற்ற வேண்டும். கேட்க முந்தியே அடையாள அட்டையைக் கையில் எடுக்க வேண்டும். ஆமிக்காரனின் முகத்தைப் பார்க்கவும் வேண்டும், பார்த்துக்கொண்டே இருக்கவும் கூடாது. கடந்த உடனே ஏறி மிதிக்கக் கூடாது. இறங்கி உருட்டுகிறவனிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. இறங்காதவனிடம்தான் ஏதோ இருக்கிறது.

ஒரு மழைநாளில் சித்தப்பா காய்ச்சலோடு கிடந்த தன் மகன் நிரோசனை சைக்கிள் பாரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மழையில் சென்றி வந்தது தெரியவில்லை, பிந்தித்தான் இறங்கினார். சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நிற்கச் சொன்னான் அந்த ஆமிக்காரன். மழை விடும்வரை சித்தப்பா அப்படியே நின்றார். நிரோசன் பக்கத்தில் அழாமல், அப்பாவின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றானாம். பிறகு அவன் சைக்கிள் பழகிய நாட்களில் சித்தி சொல்லிச் சிரிப்பா: "என்ர பிள்ளை ஓடப் பழக முந்தி இறங்கப் பழகினவன்."

அந்த நிரோசன்தான் வளர்ந்து, போரில் காணாமல் போன தன் அண்ணனின் படத்தைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளைத் தேடும் அம்மாமாரோடு வீதிப் போராட்டத்தில் இருந்தான். வீட்டுக்கு விசாரிக்கப் புலனாய்வு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எந்தெந்த நாடோ கடந்து ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்தான். அகதி வழக்கு முடியும்வரை அவனுக்குக் குறித்த இடத்தை விட்டு வெளியே போகக்கூடாது. நான் விசாவோடு வந்தவள், நினைத்த நேரம் ஆற்றைக் கடப்பேன். அவனுடைய முகாமோ ரயிலில் மூன்று மணித்தியாலம். "பொங்கலுக்கு நான் வாறன், நீ அங்கயே இரு" என்று ஒவ்வொரு தொலைபேசியிலும் சொல்லியிருந்தேன்.

என் பிறந்தநாளன்று காலை தொலைபேசி அடித்தது.

"அக்கா, உங்கட பாலத்தடியில நிக்கிறன். ஒருக்கா வாங்கோ. சின்னக் கதை ஒண்டு."

ஓடினேன். ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்த இரவல் சைக்கிள் ஒன்றை இடுப்பில் சாத்திக்கொண்டு நிரோசன் நின்றான். அவனுடைய இலங்கை அடையாள அட்டையை மாரெக் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா வந்தனி? வரவேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"பிறந்தநாளெல்லோ! கணவாய்க் கறி கொண்டந்தனான்." சிரித்தான். "ஆனா அக்கா, உங்கட ஊர்ச் சென்றி திறம். கதிரை போட்டு, கேக்கும் வச்சுக்கொண்டு இருக்கினம். எனக்குத்தான் ஒரு துண்டும் தரேல்லை."

"பகிடி விடாத. மறிச்சவையோ?"

"இல்லை. கண்டதும் நான் இறங்கிட்டன். ஐசியையும் கேக்க முந்தியே குடுத்திட்டன்." அப்போதுதான் அவன் குரல் தாழ்ந்தது. "பிழையோ அக்கா?"

நான் மாரெக்கிடம் திரும்பினேன். அவர் ஏற்கெனவே எல்லைக் காவலரைக் கூப்பிட்டுவிட்டார். "எங்களைக் கண்டதும் இறங்கினான். ஒளிக்க ஒன்றுமில்லாதவன் ஏன் இறங்க வேண்டும்? திரும்பி ஓடப் பார்த்தான்."

எங்கள் ஊரில் இறங்குகிறவன்தான் நல்லவன் என்று சொல்ல நினைத்தேன். என்னுடைய வகுப்பறைப் போலிஷில், "எங்கள் ஊரில் நல்லவர்கள் சைக்கிள் ஓடமாட்டார்கள்" என்று வந்துவிட்டது. கைபேசிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். ஹலினா சிரிக்கவில்லை. அவர் நிரோசனின் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்த காவலர்கள் மரியாதையாகத்தான் நடந்தார்கள். அவர்களுடைய வான் வண்டியில் ஏறும்போது நிரோசன் சொன்னான்: "கறி பழுதாப்போம், சாப்பிடுங்கோ. அம்மாட்ட இப்ப சொல்லாதைங்கோ."

சொல்லாமல் இருக்க முடியுமா? பின்னேரம் சித்தப்பாவே தொலைபேசி எடுத்தார். பின்னால் சித்தி அழுவது கேட்டது. யாரோ முந்திச் சொல்லிவிட்டார்கள்.

"பிள்ளை, தம்பி சென்றியில இறங்கினவனோ?"

"ஓம் சித்தப்பா. இறங்கினவன்."

"தூரத்திலயே இறங்கினவனோ?"

"ஓம். தூரத்திலயே."

"ஐசி?"

"குடுத்தவன்."

"அப்ப ஏன் பிள்ளை பிடிச்சவங்கள்?"

மழையில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நின்ற மனிதர் கேட்கிறார். தன் பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாதென்று அவர் பழக்கிய அத்தனையையும் பிள்ளை சரியாகத்தான் செய்திருக்கிறான். "விட்டிடுவினம் சித்தப்பா" என்றேன்.

விடவில்லை. அனுமதியில்லாமல் எல்லை கடந்தவன் என்பதோடு, தப்பியோடப் பார்த்தவன் என்ற பழியும் அவன்மேல் விழுந்துவிட்டது. அதனால் பூட்டிய முகாமில் வைத்தார்கள். தப்பியோடப் பார்த்தவன் என்கிற அந்தச் சொல் நீங்கினால், திறந்த முகாமில் இருந்தபடி ஜேர்மனிக்கே திரும்பி வழக்கைத் தொடர வழியிருக்கிறது என்கிறார் அவனுக்காக வாதாடும் சட்டத்தரணி. நீங்காவிட்டால் கொழும்புக்கு விமானமேற்றவும் கூடும். அவன் ஓடவில்லை, தங்களை நோக்கித்தான் உருட்டிக்கொண்டு வந்தான் என்று பார்த்த ஒருவர் சொல்ல வேண்டும். பார்த்தவர்கள் எல்லாரும் மஞ்சள் அங்கிக்காரர்கள்.

ஹலினாவின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, துணிச் செருப்புத் தந்து, குசினியில் இருத்தினார். தேத்தண்ணி வந்த தட்டின் அடியில் ஜேர்மன் எழுத்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கிழக்கே இருந்த தங்கள் ஊரை இழந்து, ஒரு பசுமாட்டோடு தன் தாய் தகப்பன், அதுவரை ஜேர்மனியாக இருந்த இந்தக் கரைக்கு, இந்த வீட்டுக்கு வந்தார்கள் என்றார். வந்தபோது ஜேர்மன்காரர் விட்டுப்போன தட்டுகள் மேசையில் இருந்தனவாம்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் அப்பாவின் கதையை அவரிடம் கொட்டினேன். அப்பாவின் ஆட்கள் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைசெய்தவர்கள். தமிழருக்கு எதிரான கலவரத்தில் அடித்து விரட்டப்பட்டு, லொறியில் வன்னியிலுள்ள புளியங்குளத்தில் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு ஊர்க்காரர் குளக்கட்டில் தடி பொல்லோடு வரிசையாக நின்றார்களாம், இந்தத் தோட்டக்காட்டுச் சனம் எங்கள் காணியில் குந்திவிடும் என்று. யாரும் அடிக்கவில்லை. ஆனால் யாரும் விலகவுமில்லை. பொழுது சாயும் நேரம் அந்த வரிசையிலிருந்து ஒரு மனிசி பொல்லைக் கீழே போட்டுவிட்டு வந்து, "பிள்ளையளைக் கொண்டு மாட்டுக்கொட்டிலுக்கு வாங்கோ" என்றாவாம். அப்பாவின் முதல் வன்னி வீடு அந்தக் கொட்டில். பிறகுதான் கண்டாவளையில் வயல், கலியாணம், நான்.

ஹலினா எவ்வளவு விளங்கினாரோ தெரியாது. "மாடு உங்களுக்கும் இருந்ததா?" என்று கேட்டார். பிறகு, "அது வேறு. நாங்கள் போக இடமில்லாமல் வந்தவர்கள்" என்றார். நிரோசனும் அப்படித்தான் என்றேன். அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். வாசலில் நின்று, "அவன் ஓடவில்லை, உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்ல வருவீர்களா?" என்று கேட்டேன்.

"மாரெக் என் அக்காவின் மகன்" என்றார். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வன்னியிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும், என்னைப்போல எங்கெங்கோ சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கிறவர்களுக்கும் சொல்ல எனக்கு முடிவொன்றுமில்லை. நாளை சனிக்கிழமை. ஹலினா பாலத்தடிக் கதிரையில் இருப்பார். என்னிடம் தங்கிவிட்ட நிரோசனின் இரவல் சைக்கிளிலேயே போகப்போகிறேன். தொப்பி தலையிலேயே இருக்க, அவர்களைத் தாண்டிப் பாலத்தின் நடுவரை ஓடி, அங்கே திரும்பி, ஹலினாவின் கதிரைக்கு முன்னால் வந்து, அந்த ஒரு மனிசிக்கு முன்னால் மட்டும் நானாகவே இறங்கி, மாரெக்கும் கேட்கத் திரும்பவும் கேட்பேன். போலிஷில் எழுதிப் பாடமாக்கி வைத்திருக்கிறேன்.

இன்று பின்னேரம் விடுதி முற்றத்தில் ஓடிப் பார்த்தேன். துணி காயப்போடும் கயிற்றில் யாரோ ஒரு மஞ்சள் சட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். வலது கால் மிதித்துக்கொண்டுதான் இருந்தது. இடது கால் தன்பாட்டில் பெடலை விட்டுவிட்டு, நிலத்தைத் தேடிக்கொண்டிருந்தது.